லாரி ஹோம்ஸ்: அலிக்குப் பின் வந்தவர்

ஹெவிவெயிட், அதாவது எடையில் மிக உயர்ந்த பிரிவின் குத்துச்சண்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முகமது அலியில் தொடங்கி நேராக மைக் டைசனுக்குத் தாவிவிடுகிறார்கள். அந்த இருவருக்கும் நடுவில், 1978 ஜூன் முதல் 1985 செப்டம்பர் வரை, ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக உலகப் பட்டத்தைத் தன் இடுப்பிலேயே வைத்திருந்த ஒருவர் இருக்கிறார் என்பது பலருக்கு நினைவுக்கு வருவதே இல்லை. லாரி ஹோம்ஸ் தன் பட்டத்தைத் தொடர்ந்து 20 முறை காப்பாற்றிக்கொண்டார். ஹெவிவெயிட் வரலாற்றில் அதைவிட நீண்ட தொடர்ச்சி ஜோ லூயிஸின் 25 மட்டுமே. தொழில்முறையில் 75 சண்டைகள், 69 வெற்றிகள், அவற்றில் 44 நாக்அவுட்கள், ஆறு தோல்விகள். இத்தனை இருந்தும் அவர் விளையாடிய காலம் முழுவதும், "இவர் அலி இல்லையே" என்ற ஒரே குறையை ரசிகர்கள் அவர்மேல் சாற்றிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் குறை எவ்வளவு அநியாயமானது என்பதையும், அதைத் துடைக்க அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் காரியம் எப்படிக் கெட்டது என்பதையும் பார்ப்பதற்காகவே இந்தப் பதிவு.

ஹோம்ஸ் 1949 நவம்பர் 3 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் கத்பெர்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காமவர். அவர் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. டெலவேர் ஆறும் லீஹை ஆறும் கூடும் இடத்தில் உள்ள தொழில் நகரம் அது. தந்தை வேலை தேடிக் கனெக்டிகட் சென்று அங்கேயே தங்கிவிட, தாய்தான் குடும்பத்தைத் தாங்கினார். ஹோம்ஸ் பதின்மூன்று வயதில், ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்று, மணிக்கு ஒரு டாலர் கூலிக்குக் கார் கழுவும் கடையில் சேர்ந்தார். பிறகு லாரி ஓட்டினார், கல்குவாரியில் வேலை பார்த்தார். ஈஸ்டனில் எர்னி பட்லர் என்ற பழைய குத்துச்சண்டை வீரர்தான் அவருக்கு முதலில் கையுறை மாட்டிவிட்டவர்.

அமெச்சூர் காலத்தில் ஒரு சம்பவம் அவருடைய பெயரை வெகுநாள் கெடுத்து வைத்திருந்தது. 1972 ஒலிம்பிக் அணிக்கான தேர்வில் டுவேன் பாபிக் என்பவரை எதிர்த்து ஆடியபோது, முதல் சுற்றிலேயே கீழே விழுந்த ஹோம்ஸ், அதன் பிறகு எதிராளியைப் பிடித்துக்கொண்டே இருந்தார் என்று மூன்றாம் சுற்றில் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். நெஞ்சுறுதி இல்லாதவன் என்ற முத்திரை அன்று விழுந்தது. பின்னாளில் அவர் எத்தனை முறை தரையிலிருந்து எழுந்து வந்து ஜெயித்திருக்கிறார் என்று பார்க்கும்போது, அந்த முத்திரையைக் குத்தியவர்கள் எவ்வளவு அவசரப்பட்டார்கள் என்பது தெரிகிறது.

1973 மார்ச்சில் ஸ்க்ரான்டன் நகரில் அவர் தொழில்முறை வீரராக முதல் சண்டையை ஆடினார். அதற்கு முன்பிருந்தே ஈஸ்டனிலிருந்து அதிகத் தொலைவில்லாத டீர் லேக் என்ற இடத்தில் அலி அமைத்திருந்த பயிற்சி முகாமுக்கு ஹோம்ஸ் போய்வந்துகொண்டிருந்தார். அலிக்குப் பயிற்சிக் கூட்டாளி, அதாவது கூலி வாங்கிக்கொண்டு தினமும் உதைபடுகிற வேலை. ஆரம்ப நாட்களில் அலியின் குத்து பட்டுக் கண் கறுத்து வீங்கியபோது, அதற்குப் பனிக்கட்டி ஒத்தடம் வைக்க விடாமல், ஊரில் காட்டுவதற்காக அப்படியே வைத்துக்கொண்டேன் என்று ஹோம்ஸ் பின்னாளில் பெருமையோடு சொல்லியிருக்கிறார். 1975இல் அலியும் ஜோ ஃப்ரேசியரும் மணிலாவில் மோதிய அதே நாளில், அதே மேடையில், முன்னோட்டச் சண்டைகளில் ஒன்றில் ஹோம்ஸ் ஆடினார். அவரிடம் அன்று தோற்றவர் டுவேன் பாபிக்கின் தம்பி ராட்னி பாபிக். உலகத்தின் கண் முழுவதும் முக்கியச் சண்டையின் மேல் இருந்ததால் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ஹோம்ஸின் தொழிலைப் புரிந்துகொள்ள அவருடைய ஜாப் குத்தைப் புரிந்துகொண்டாக வேண்டும். முன்னால் நிற்கும் கையால், வலக்கைக்காரருக்கு இடக்கையால், நேராக நீட்டிச் சட்டென்று இழுத்துக்கொள்ளும் குத்துதான் ஜாப். பெரும்பாலான வீரர்கள் அதை எதிராளியைத் தொலைவில் நிறுத்தவும், வலக்கைக்கு வழி பார்க்கவும் பயன்படுத்துவார்கள். ஹோம்ஸிடம் அதுவே முதன்மை ஆயுதம். ஆறடி மூன்று அங்குல உயரமும் 81 அங்குலக் கைவீச்சும் கொண்ட அவர், இடக்கையை முகத்தருகே தூக்கிப் பிடிக்காமல் சற்றுத் தாழ்த்தியே வைத்திருப்பார். அதனால் குத்து எதிராளியின் பார்வைக்குக் கீழிருந்து புறப்பட்டு மேலே வரும். கை நீளும் அதே கணத்தில் முன்கால் அரையடி முன்னே வைக்கப்படும். குத்து படுகிற இடத்தில் முஷ்டி உள்நோக்கித் திரும்பும். திரும்பும்போது அது தோலைக் கிழிக்கும். இரண்டு, மூன்று என்று அடுக்கடுக்காக வரும்போது எதிராளி தன் காலை ஊன்றிக் குத்து விடவே நேரம் கிடைக்காது. அறுபதுகளில் சாம்பியனாக இருந்த சானி லிஸ்டனின் ஜாபை இதைவிட வலுவானது என்பவர்கள் உண்டு. வலு, வேகம், நீண்ட சுற்றுகளில் கடைசி வரை குறையாத ஒழுங்கு ஆகிய மூன்றும் ஒரே கையில் சேர்ந்ததை நான் ஹோம்ஸிடம் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

1978 மார்ச்சில், அந்தக் காலத்தின் மிக வலிய குத்தாளர் என்று பெயரெடுத்த எர்னி ஷேவர்ஸை 12 சுற்றுகளும் அருகே நெருங்கவிடாமல் ஆடி ஜெயித்தபோதுதான் ஹோம்ஸுக்குப் பட்டப் போட்டிக்கான வழி திறந்தது. உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி.யின் பட்டம் அப்போது கென் நார்டனிடம் இருந்தது. 1973இல் அலியின் தாடையை உடைத்தவர் அதே நார்டன்தான்.

1978 ஜூன் 9 அன்று லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸில் நடந்த அந்தச் சண்டைதான் ஹோம்ஸின் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்தது என்பது என் கருத்து. சண்டைக்குச் சில நாட்களுக்கு முன் பயிற்சியில் அவருடைய இடக்கைத் தசை கிழிந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் தள்ளிப்போட்டிருப்பார்கள். இந்த வாய்ப்பு போனால் இன்னொன்று வருமா என்ற நிலையில் இருந்தவருக்கு அது முடியாத காரியம். கிழிந்த கையாலேயே முதல் சில சுற்றுகளை ஜாப் ஒன்றைக் கொண்டே தன் பக்கம் கொண்டுவந்தார். நடுவில் நார்டன் தன் கைகளைக் குறுக்காக மடித்துக்கொண்டு முன்னேறி வரும் பாணியில் உடம்பைக் குறிவைத்து மளமளவென்று சுற்றுகளை அள்ளினார். பதினான்கு சுற்றுகள் முடிந்தபோது மூன்று புள்ளி நடுவர்களின் தாள்களிலும் இருவரும் சமநிலையில் இருந்தார்கள். அதாவது, பட்டம் யாருக்கு என்பதை முடிவு செய்ய மூன்றே நிமிடங்கள் மீதி இருந்தன.

பதினைந்தாம் சுற்றில் ஹோம்ஸின் ஜாப் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. இருவரும் நடுவில் நின்று, தற்காப்பை மறந்து, மாறிமாறி அடித்துக்கொள்கிறார்கள்; முதலில் நார்டனின் குத்துகளில் ஹோம்ஸ் தடுமாறுகிறார், பிறகு ஹோம்ஸ் திருப்பிக் கொடுக்கிறார், மணி அடிக்கும் நேரத்தில் கீழிருந்து மேலே வந்த குத்தில் கால் தள்ளாடி நிற்பவர் நார்டன். இரண்டு நடுவர்கள் 143–142 என்று ஹோம்ஸுக்கும், ஒருவர் அதே கணக்கில் நார்டனுக்கும் கொடுத்தார்கள். நெஞ்சுறுதி இல்லாதவன் என்று சொன்னவர்களுக்கு அந்த மூன்று நிமிடங்களைப் போட்டுக் காட்டினாலே போதும்.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஷேவர்ஸ் மீண்டும் எதிரே வந்தார். முதல் சண்டையைப் போலவே இதிலும் ஹோம்ஸ் முன்னிலையில் இருந்தார். ஏழாம் சுற்றின் இறுதியில் ஷேவர்ஸின் வலக்கை ஒன்று மேலிருந்து வந்து இறங்கியது. ஹோம்ஸ் வெட்டிய மரம் போல் மல்லாந்து விழுந்தார். அந்தக் குத்தை வாங்கிக்கொண்டு எழுந்தவர்கள் மிகச் சிலர்தான். எழுந்தது மட்டுமல்லாமல், பதினொன்றாம் சுற்றில் ஷேவர்ஸைத் தாங்கமுடியாத நிலைக்குத் தள்ளிச் சண்டையை நடுவரே நிறுத்தும்படியும் செய்தார்.

அதன் பிறகு வந்தது, எந்தச் சாம்பியனும் விரும்பாத சண்டை. அலி 1979இல் ஓய்வை அறிவித்திருந்தார். 1980 ஜனவரியில் அவர் இந்தியா வந்ததும், சென்னை நேரு விளையாட்டரங்கில் எம்.ஜி.ஆர். முன்னிலையில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதும் வடசென்னைக்காரர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும் கதை. நம் ஊர் மக்கள் பார்த்து ஆர்ப்பரித்த அந்த அலி, அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று ஹோம்ஸுக்கு எதிராக வளையத்தில் ஏறினார் என்பதை அந்தக் கதையோடு சேர்த்து யாரும் சொல்வதில்லை. அவருக்கு அப்போது 38 வயது. பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. எடையைக் குறைத்து, நரைத்த முடிக்குச் சாயம் பூசி, பார்ப்பதற்குப் பழைய அலியாக வந்து நின்றார். தைராய்டுக்கான மாத்திரைகளை அளவுக்கு மீறிச் சாப்பிட்டதால் உடலில் நீரும் சத்தும் இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. ஒப்பந்தப்படி அவருக்குப் பேசப்பட்ட தொகை 80 லட்சம் டாலர்.

சீசர்ஸ் பேலஸின் வண்டி நிறுத்துமிடத்தில் எழுப்பிய அரங்கில் நடந்த அந்தச் சண்டையை முழுதாகப் பார்ப்பது கடினம். பத்துச் சுற்றுகளில் ஒன்றைக்கூட அலி ஜெயிக்கவில்லை. குத்துவதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லை. ஹோம்ஸ் பாதி வலுவோடு அடிக்கிறார் என்பது போகப்போகத் தெரிகிறது. இடையிடையே நடுவரைத் திரும்பிப் பார்த்து, நிறுத்தக் கூடாதா என்பதுபோல் நிற்கிறார். பத்தாம் சுற்று முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி போதும் என்று முடித்துவைத்தார். அலி தன் வாழ்நாளில் முடிவுக்கு முன்பே நிறுத்தப்பட்டுத் தோற்ற ஒரே சண்டை அது. வென்றவர் பேட்டியில் அழுதார். பிறகு அலியின் அறைக்குச் சென்று, உங்கள் மேல் எனக்கு அன்பு உண்டு என்று சொன்னாராம். அப்படியானால் ஏன் என்னை இந்த அடி அடித்தாய் என்று அலி கேட்டாராம். தோற்றிருந்தால் கிழவனிடம் தோற்றவன் என்பார்கள், ஜெயித்ததால் கிழவனை அடித்தவன் என்றார்கள். அவர் எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்துதான்.

1982 ஜூன் 11 அன்று நடந்த ஜெர்ரி கூனி சண்டையில் வேறு வகை அவமதிப்பு. கூனி 25 சண்டைகளில் தோல்வியே காணாதவர், இடக்கையில் நல்ல வலு உள்ளவர், அயர்லாந்து வம்சாவளி வெள்ளையர். வெள்ளையினத்தில் ஒரு ஹெவிவெயிட் சாம்பியன் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்ததால், அந்தத் தோல் நிறத்தையே விளம்பரமாக்கிச் சண்டையை விற்றார் ஏற்பாட்டாளர் டான் கிங். 'டைம்' இதழின் அட்டையில் சாம்பியனின் படம் வரவில்லை. கூனியின் படம் வந்தது. வென்றால் அதிபர் வாழ்த்துச் சொல்வதற்கென்று கூனியின் ஒப்பனை அறையில் மட்டும் தொலைபேசி இணைப்பு வைத்தார்கள். வளையத்தில் சாம்பியனைக் கடைசியாக அறிமுகம் செய்வதுதான் மரபு. அன்று ஹோம்ஸை முதலில் அழைத்துவிட்டு, கூனியைக் கடைசியில் அழைத்தார்கள். இருவருக்கும் பரிசுப் பணம் சமம்.

ஹோம்ஸ் இரண்டாம் சுற்றில் கூனியை வீழ்த்தினார். கூனி எழுந்து துணிவாகவே ஆடினார். ஆனால் இடுப்புக்குக் கீழே அடித்ததற்காக அவருக்கு மொத்தம் மூன்று புள்ளிகள் குறைக்கப்பட்டன. பதின்மூன்றாம் சுற்றில் அவர் கயிற்றில் சாய்ந்து நிற்க, பயிற்சியாளர் விக்டர் வால்யே வளையத்துக்குள் ஏறி வந்து கூனியைக் கட்டிக்கொள்ள, சண்டை அங்கேயே முடிந்தது. பிறகு நடுவர்களின் தாள்களைப் பார்த்தால், அந்தப் புள்ளிக் குறைப்பு இல்லாவிட்டால் மூவரில் இருவர் கணக்கில் கூனிதான் முன்னிலையில் இருந்திருப்பார். சண்டையைப் பார்த்த கண்ணால் அந்தத் தாள்களைப் பார்க்கும்போது எனக்கு அது இன்றும் விளங்கவில்லை. நிறத்தை வைத்து நடந்த அசிங்கத்தில் எந்தப் பங்கும் இல்லாத கூனியும் ஹோம்ஸும் பிற்காலத்தில் நல்ல நண்பர்களாகிவிட்டார்கள் என்பது மட்டுமே இதில் நல்ல செய்தி.

அடுத்த மூன்று ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1983இல் டிம் விதர்ஸ்பூன் அவரை மயிரிழை வித்தியாசம் வரை கொண்டுவந்தார். அந்த ஆண்டின் இறுதியில் டபிள்யூ.பி.சி.யோடு முறித்துக்கொண்டு, புதிதாகத் தோன்றியிருந்த ஐ.பி.எஃப். அமைப்பின் பட்டத்தை ஏற்றார். அந்த அமைப்புக்கு மதிப்பு வந்ததே ஹோம்ஸ் அதில் சேர்ந்ததால்தான். கால்களின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. 1985 மே மாதம் கார்ல் வில்லியம்ஸுக்கு எதிராக அவருக்குக் கிடைத்த தீர்ப்பு தாராளமானது என்பதை அவருடைய ரசிகனாகிய நானே ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது அவருடைய கணக்கு 48 வெற்றி, தோல்வி இல்லை. தோல்வியே இல்லாமல் 49 வெற்றிகளோடு ஓய்வுபெற்ற ராக்கி மார்சியானோவின் சாதனையைத் தொட ஒரே ஒரு வெற்றி தேவை. மார்சியானோ தன் கடைசிச் சண்டையை ஆடிச் சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, 1985 செப்டம்பர் 21 அன்று, மைக்கேல் ஸ்பிங்ஸோடு ஹோம்ஸ் மோதினார். ஸ்பிங்ஸ் எடையில் கீழேயுள்ள லைட் ஹெவிவெயிட் பிரிவின் சாம்பியன். அந்தப் பிரிவில் பட்டத்தோடு இருந்த எவரும் அதுவரை ஹெவிவெயிட் பட்டத்தை வென்றதில்லை. எடையை ஏற்றிக்கொண்டு வந்த ஸ்பிங்ஸ், ஒழுங்கே இல்லாத கோணங்களிலிருந்து குத்துகளை எறிந்து, பதினைந்து சுற்றுகளின் முடிவில் மூன்று நடுவர்களின் தீர்ப்பையும் பெற்றார். இரண்டு தாள்களில் வித்தியாசம் ஒரே புள்ளி.

அன்றிரவு செய்தியாளர் கூட்டத்தில் ஹோம்ஸ் பேசியதுதான் அவருக்குப் பெரிய தோல்வி. மார்சியானோவின் குடும்பத்தார் அரங்கில் இருந்தார்கள். தன் சாதனையைக் குறைத்துக் காட்டத்தான் எல்லாரும் வந்திருக்கிறார்கள் என்ற கசப்பில், தன் கோவணத்தைச் சுமக்கவும் ராக்கிக்குத் தகுதியில்லை என்ற பொருள்படச் சொல்லிவிட்டார். மார்சியானோ 1969இலேயே விமான விபத்தில் இறந்துபோனவர். பதில் சொல்ல முடியாதவர். பிறகு ஹோம்ஸ் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் ஏழாண்டு உழைப்பை விட அந்த ஒரு வாக்கியத்தைத்தான் பலர் நினைவில் வைத்துக்கொண்டார்கள். அலி இதைவிடக் கொடுமையாகப் பேசியிருக்கிறார். ஃப்ரேசியரை அவர் பேசிய பேச்சுக்கு மன்னிப்பே கிடையாது. அலியின் வாயில் கவிதையானது ஹோம்ஸின் வாயில் வசையானது.

1986 ஏப்ரலில் நடந்த மறுசண்டையில் ஹோம்ஸ் முன்பைவிட நன்றாக ஆடினார். ஸ்பிங்ஸின் கால்கள் தள்ளாடிய தருணங்களும் அதில் உண்டு. தீர்ப்பு இருவருக்கு ஒருவர் என்று ஸ்பிங்ஸுக்கே போனது. நான் போட்ட கணக்கில் ஹோம்ஸ் தெளிவாக ஜெயித்தார். அன்றைய பத்திரிகையாளர்களில் பலருடைய கணக்கும் அப்படித்தான். நடுவர்களையும் ஏற்பாட்டாளர்களையும் தொலைக்காட்சி நேரலையிலேயே கண்டபடி திட்டிவிட்டு அவர் ஒதுங்கினார்.

1988 ஜனவரியில் பணத்துக்காகத் திரும்பி வந்து, 38 வயதில், போதிய தயாரிப்பில்லாமல் டைசனிடம் அட்லாண்டிக் சிட்டியில் நான்காம் சுற்றில் விழுந்தார். அவர் வாழ்நாளில் நாக்அவுட் ஆனது அந்த ஒருமுறைதான். சண்டைக்கு முன் அலி வளையத்துக்கு வந்தபோது, எனக்காக இவனை அடி என்று தன் காதில் சொன்னதாக டைசன் பலமுறை சொல்லியிருக்கிறார். விழும் முன் ஹோம்ஸ் ஒரு கணம் விரலில் நின்று ஜாப் விட்டுச் சுழன்ற சில நொடிகள் உண்டு. அதற்குள் டைசனின் வலக்கை வந்துவிடுகிறது.

பெரும்பாலானோர் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள். எனக்கோ இதற்குப் பிந்திய ஹோம்ஸைத்தான் மிகவும் பிடிக்கும். 1991இல் மீண்டும் வந்தார். 1992 பிப்ரவரி 7 அன்று, 42 வயதில், ஒலிம்பிக் தங்கம் வென்றவரும் அதுவரை தோற்காதவருமான ரே மெர்சரை எதிர்த்தார். ஆடும் கால்கள் இல்லை. எனவே மூலையில் போய் முதுகைச் சாய்த்துக்கொண்டு, மெர்சரை உள்ளே வரவழைத்து, தோளைத் திருப்பிக் குத்துகளை வழியவிட்டு, அவர் கை திரும்பும் இடைவெளியில் வலக்கையைச் செலுத்தினார். நடுவில் வளையத்தோரக் கேமராவைப் பார்த்துப் பேசவும் செய்தார். மூன்று நடுவர்களும் அவருக்கே கொடுத்தார்கள். இளமையில் கால்களும் கையும் செய்த வேலையை அன்று அனுபவம் ஒன்றே செய்தது. அதே ஆண்டு ஜூனில் இவாண்டர் ஹோலிஃபீல்டிடமும், 1995இல் 45 வயதில் ஆலிவர் மெக்காலிடமும் பட்டத்துக்காக ஆடி, இரண்டிலும் முழுச் சுற்றுகள் நின்று புள்ளிகளில் தோற்றார். 1997இல் கோபன்ஹேகனில் பிரையன் நீல்சனிடம், நடுவர்களில் இருவருக்கு ஒருவர் என்ற பிளவுத் தீர்ப்பில் தோற்றதே ஆறாவது தோல்வி. கடைசியாக 2002 ஜூலையில், 52 வயதில், 'பட்டர்பீன்' என்ற பெயரில் ஆடிய பெருத்த உடம்புக்காரர் ஒருவரைப் பத்துச் சுற்றுகளில் புள்ளிக் கணக்கில் வென்றுவிட்டு நிறுத்தினார். அந்தச் சண்டை ஒரு வேடிக்கைதான். பார்க்காமல் விட்டாலும் நஷ்டமில்லை.

பணத்தைக் காப்பாற்றிய சாம்பியன்கள் குறைவு. ஹோம்ஸ் அந்தக் குறைவானவர்களில் ஒருவர். டான் கிங் தன் பங்கில் கைவைத்தார் என்று அவர் வெளிப்படையாகவே குற்றம் சாட்டியவர். எனினும் கைக்கு வந்ததை லாஸ் வேகாஸில் விடாமல் ஈஸ்டனுக்குக் கொண்டுவந்து, நிலமாகவும் அலுவலகக் கட்டடங்களாகவும் உணவகமாகவும் மாற்றினார். கார் கழுவிய ஊரில் டெலவேர் ஆற்றங்கரைச் சாலைக்கே அவர் பெயர். 2015இல் சிலையும் வைத்தார்கள். 2008இல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழரங்கத்தில் அவரைச் சேர்த்தார்கள்.

ஹெவிவெயிட் வரிசைப் பட்டியல் போடச் சொன்னால் நான் அலி, லூயிஸ் இருவருக்கும் அடுத்த இடத்தை ஹோம்ஸுக்குக் கொடுப்பேன். மார்சியானோவுக்கு மேலேதான் வைப்பேன். மறுப்பவர்கள் முதலில் நார்டன் சண்டையின் பதினைந்தாம் சுற்றையும், பிறகு மெர்சர் சண்டையை முழுதாகவும் பார்த்துவிட்டு வந்து வாதிடலாம்.